அரசர் துயிலும் ஆலயத்தில் கவிஞர் பெற்ற இடம்

இலண்டன் மாநகரில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை அடுத்து உயர்ந்து நிற்கிறது வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்னும் பழம்பெரும் கிறித்தவ ஆலயம். முடிசூடும் மன்னர்க்கும் மறைந்த மன்னர்க்கும் உரிய இடமாக விளங்கிய அவ்வாலயத்தில் கவிஞர்க்கும் இசைவாணர்க்கும் இடம் கிடைத்தது எவ்வாறு? எழுதுகோல் ஏந்துவோர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

பெனடிக்ட் சபைத் துறவியரின் மடமாக இருந்த அவ்விடத்தில் பெரியதோர் ஆலயத்தை எழுப்பியவர் பக்திமிக்க மன்னர் எட்வர்ட். 1065ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. நோயுற்றிருந்த மன்னர் விழாவிற்கு வர இயலவில்லை. சில நாள்களில் மறைந்த அவர் பலிபீடத்தின் முன்னே அடக்கம் செய்யப்பட்டார். அதே 1066ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில், இங்கிலாந்தை வென்ற நார்மன் வில்லியம் அங்கே முடிசூடினார். உள்ளே எழுந்த வாழ்த்தொலியைக் கலகக் குரல் என எண்ணி, வெளியே நின்ற காவலர் அருகிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தனர். அடக்கமும் முடிசூட்டும் ஒரே ஆண்டில் அவ்வாலயத்தில் இணைந்தன. பின்னர் அவை பிரியவே இல்லை.

புனிதராகப் போற்றப்பட்ட எட்வர்டின் பெயரால் மூன்றாம் ஹென்றி 1245ஆம் ஆண்டு முதல் ஆலயத்தைப் புதுப்பித்துக் கட்டினார். புனிதரின் அருகே துயில்வதைப் பேறாகக் கருதி, மன்னர் பலர் அங்கேயே அடங்கினர். வாழ்நாளில் சமயத்தால் பகைத்து நின்ற சகோதரிகளான முதலாம் மேரியும் முதலாம் எலிசபெத்தும் அங்கே ஒரே கல்லறையில் உறங்குகின்றனர்.

இத்தகைய இடத்தில் ஜெஃப்ரி சாசர் 1400ஆம் ஆண்டு அடக்கம் செய்யப்பட்டார். ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்படும் அவர்க்கு அவ்விடம் கவிஞர் என்பதற்காகத் தரப்பட்டதன்று. அரசப் பணியில் இருந்தவர். ஆலய வளாகத்துள் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து வாழ்ந்தவர். அதனாலேயே அங்கு இடம்பெற்றார். கவிஞருக்குரிய சிறப்புடன் அவர்க்குக் கல்லறை எழுப்ப ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1556ஆம் ஆண்டில் அதனை அமைத்தவர் நிக்கலஸ் பிரிகாம் என்னும் கவிதை அன்பர்.

1599ஆம் ஆண்டு எட்மண்ட் ஸ்பென்சர் மறைந்தபோது, சாசரின் அருகில் அவரை அடக்கம் செய்தனர். அன்று கவிஞர்களே அவரது உடலைச் சுமந்து வந்தனர் என்றும், தாம் எழுதிய இரங்கற்பாக்களையும் எழுதிய இறகுப் பேனாக்களையும் குழியில் இட்டனர் என்றும் கூறுவர். 1938ஆம் ஆண்டு அக்கல்லறையைத் தேடித் தோண்டியபோது அவ்வேடுகள் அகப்படவில்லை. ஆயினும் அன்றைய கவிஞர்களின் அன்பு வீண்போகவில்லை. ஒருவர் தற்செயலாகப் பெற்ற இடம், மற்றொருவரால் மரபாயிற்று. ஆலயத்தின் தென்பகுதி ‘கவிஞர் மூலை’ எனப் பெயர் பெற்றது.

மரபு வளர்ந்த அளவுக்கு மனம் விரிந்தது என்று சொல்வதற்கில்லை. எழுதிப் பிழைத்த ஆங்கிலப் பெண்களுள் முன்னோடியான அஃப்ரா பென், 1689ஆம் ஆண்டு ஆலயத்தை ஒட்டிய நடைமண்டபத்திலேயே அடக்கம் பெற்றார்; கவிஞர் மூலையில் அன்று. 1616ஆம் ஆண்டு மறைந்து சொந்த ஊரில் துயிலும் ஷேக்ஸ்பியருக்கு அங்கே சிலை அமைந்தது 1740ஆம் ஆண்டில்தான். 1824ஆம் ஆண்டு மறைந்த பைரனை, அவரது ஒழுக்கத்தைக் காரணம் காட்டி ஏற்க மறுத்தனர். 1969ஆம் ஆண்டில்தான் அவர் பெயர் பொறித்த கல் அங்கே பதிக்கப்பட்டது. நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கல்லில் பெயரில்லை. அக்காலம் முழுதும் அவரது கவிதை மக்கள் நாவில் இருந்தது.

இசையின் வரலாறு இன்னும் உருக்கமானது. ஹென்றி பர்செல் 1679ஆம் ஆண்டு அவ்வாலயத்தின் ஆர்கன் இசைஞரானார். அப்பொறுப்பை அவரிடம் விட்டுச் சென்றவர் ஜான் புளோ. 1695ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாம் மேரி அரசியின் இறுதிச் சடங்கிற்குப் பர்செல் இசையமைத்தார். அவ்வாண்டு நவம்பரில், ஏறத்தாழ முப்பத்தாறாம் வயதில், அவரே மறைந்தார். அரசிக்கென அமைத்த இசையே அவர்க்கும் ஒலித்தது. தாம் வாசித்த ஆர்கனின் அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். வெறுமையான இருக்கைக்கு அவரினும் மூத்தவரான புளோ திரும்பி வந்தார்.

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தின் குடிமகனான ஹேண்டல், 1727ஆம் ஆண்டு இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவிற்கு நான்கு இசைப்பாடல்களை அமைத்தார். அவற்றுள் ஒன்று, சாதோக்கு என்னும் குரு சாலமோனுக்கு அபிடேகம் செய்ததைப் பாடுவது. தமது அடக்கம் ஆரவாரமின்றி நிகழவேண்டும் என ஹேண்டல் விரும்பியிருந்தார். 1759ஆம் ஆண்டில் அதைக் காண ஏறத்தாழ மூவாயிரம் பேர் திரண்டனர். கவிஞர் துயிலும் தென்பகுதியிலேயே அவர்க்கும் இடம் அமைந்தது. மறு ஆண்டு இரண்டாம் ஜார்ஜ் மன்னரும் மறைந்து அங்கே அடக்கமானார். அவ்வாலயத்தில் அடங்கிய இறுதி மன்னர் அவரே.

இசை தந்தவரும் இசை கேட்டு முடிசூடியவரும் இன்று ஒரே கூரையின்கீழ் மண்ணாகிக் கிடக்கின்றனர். ஆனால் அப்பாடல் அதன்பின் நிகழ்ந்த ஒவ்வொரு முடிசூட்டு விழாவிலும் பாடப்பெற்றது. 2023ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் அந்த வளைவுகளின் கீழ் அது எழுந்தது. கல் தருவதற்குக் காலம் தாழ்த்தலாம், தராமலும் மறுக்கலாம். பாடலின் வாழ்வோ கல்லை நம்பி இருந்ததில்லை.