தரநூல் முதலில், விருது பிறகு: நெகிழிச் சாலையும் அதற்குக் கிடைத்த மதிப்பும்

சென்னைப் புறநகரான வேலப்பன்சாவடி வழியாகச் செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையிலிருந்து மேற்கே போகும் பெருஞ்சாலையாக இருந்தது. பின்னர் தேசிய நெடுஞ்சாலை 4 ஆயிற்று, இப்போது அதன் எண் 48. சாலைக்கு வந்த பெயர்களும் எண்களும் ஆவணங்களில் இருக்கின்றன. அதில் ஜல்லி பரப்பியவர்கள், தார் காய்ச்சியவர்கள், கலவையின் விகிதத்தை வகுத்தவர்கள் யாரென்று ஊரில் எவருக்கும் தெரியாது. பாலத்துக்கும் அணைக்கும் கட்டியவர் பெயரைச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு, சாலைக்கு இல்லை. சாலையின் தரம் திறப்பு விழா நாளில் தெரிவதில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். நான்கைந்து மழைக்காலம் கழிந்தால்தான் தெரியும், அதற்குள் போட்டவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆகவே சாலைத் துறையில் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைப் போற்றுவதென்றால், போட்ட சாலை தாங்கியதா, செய்த முறை பொதுத் தரமாக ஏற்கப்பட்டதா என்ற இரண்டையும் பார்த்த பிறகே போற்ற வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வரிசைப்படி நடந்த தெளிவான நிகழ்வு, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவனுக்குக் கழிவு நெகிழியால் சாலை போடும் முறைக்காக 2018-இல் கிடைத்த பத்மஸ்ரீ.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் நம் மழைக்கு நேரடியாகத் தொடர்புடையது. தாருக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பைவிட நீருக்கும் கல்லுக்கும் உள்ள பிடிப்பு வலுவானது. வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் தேங்கும் நீர் ஜல்லியின் நுண்துளைகளில் இறங்கித் தாரைக் கல்லிலிருந்து பிரிக்கிறது. பிரிந்த இடத்தில் லாரிச் சக்கரம் ஏறினால் பள்ளம். வாசுதேவன் நெகிழியைத் தாரில் கலக்காமல், சுமார் 160 முதல் 170 பாகை செல்சியஸ் வரை சூடேற்றிய ஜல்லியின் மேல் துண்டாக்கிய நெகிழியைத் தூவினார். அது உருகிக் கல்லைப் படலமாக மூடியது. துளைகள் அடைபட்டன, அதன்மேல் ஊற்றிய தாரும் உறுதியாகப் பற்றியது. புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதே இதன் பெரிய சிறப்பு என்று கருதுகிறேன். ஊர்ப்புறத்துச் சிறு கலவை ஆலையிலும் இதைச் செய்யலாம். 3.75 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 டன் நெகிழி செலவாகும், கிட்டத்தட்ட அதே எடைக்குத் தார் மிச்சமாகும்.

2002-இல் கல்லூரி வளாகத்தில் இம்முறையில் சாலை போடப்பட்டது. அதே ஆண்டில் சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் நெகிழி கலந்த சாலை அமைந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாட்டின் இத்தகைய சாலைகளைச் சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, அவை பள்ளமும் ஜல்லிப் பெயர்வும் இன்றி நிற்பதைப் பதிவுசெய்தது. சாலை மேம்பாட்டை ஆராய்ந்த ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1934-இல் உருவான இந்தியச் சாலைகள் பேரவை 2013-இல் இம்முறைக்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளில் கழிவு நெகிழியைப் பயன்படுத்துவதே பொதுவிதி என்று ஆணையிட்டது. வேலப்பன்சாவடி, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வெகு உள்ளே அடங்குகின்றன. பத்மஸ்ரீ இதற்கெல்லாம் பிறகே வந்தது. பதினாறு ஆண்டுக் காத்திருப்பைச் சிலர் தாமதம் என்பார்கள். சாலையைப் பொறுத்தவரை அதுவே நியாயமான சோதனைக்காலம். பிரிட்டனில் உடைத்த சிறு கற்களால் சாலை அமைக்கும் முறையை நிலைநாட்டிய ஜான் மெக்காடமுக்கும் முதுமையில்தான் சர் பட்டம் தர முன்வந்தார்கள். அவர் வயதைக் காரணம் காட்டி மறுக்க, மகன் ஜேம்ஸ் அதைப் பெற்றார்.

பலர் சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவரை மட்டும் ஏன் போற்ற வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதே காலத்தில் பெங்களூரில் அகமது கான் தாருடன் நெகிழியைச் சேர்க்கும் வேறொரு வழியில் சாலைகள் போட்டுக்கொண்டிருந்தார். குப்பையிலிருந்து நெகிழியைப் பொறுக்கித் தரம் பிரிப்பவர்கள் இல்லையென்றால் இரண்டு வழிகளுமே நடக்காது. பி.வி.சி. துண்டு கலந்துவிட்டால் சூட்டில் நச்சு வாயு கிளம்பும் என்பதால் அந்தக் கைகளின் கவனமே முறையின் பாதுகாப்பு. ஆனால் இதனால் வாசுதேவனுக்குத் தந்த மதிப்பு தவறாகிவிடாது. கல்லை முதலில் பூசுவது என்ற தெளிவான படியை வகுத்துச் சோதித்துக் காட்டியது அவர் பணி. தரம் பிரிப்பவர்களுக்கு நாம் செய்யவேண்டியது கையுறையும் முகக்கவசமும் உரிய கூலியும், அது விருதுமேடையால் தீராது.

தேய்ந்த மேல்தளத்திலிருந்து நுண்நெகிழி மழைநீரில் கலக்குமே என்ற இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கனமானது. திருவேற்காடு வழியே ஓடும் கூவத்துக்கு அருகிலுள்ள பகுதியில் இதை அலட்சியம் செய்ய முடியாது. நெகிழி தாரின் அடியில், கல்லோடு ஒட்டியிருப்பதால் எளிதில் உதிராது என்பது ஆதரிப்போர் விடை. புதுச்சாலைக்கு அது பொருந்தும். தார்ப்படலம் தேய்ந்து கல் தெரியும் பழைய சாலைக்கு அதே விடையைச் சொல்ல முடியாது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போடும்போது பறக்கும் தூளுக்கும் தனிக் கட்டுப்பாடு வேண்டும். ஆகவே பேரவையின் வழிகாட்டி நூலில் வலிமைச் சோதனைகளுக்கு இணையாகச் சாலையோர வடிகால் நீரையும் மண்ணையும் ஆண்டுதோறும் அளக்கும் விதி சேர வேண்டும். கிண்டி நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் அதைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடுகளில் தொடங்கலாம், கனரக வண்டிகளும் தேங்கும் மழைநீரும் அங்கே ஒருசேர உண்டு.