கலமும் ஒப்புதலும் – ஒரு வரலாற்று நோக்கு

உயிர்க் கலங்களை உடலுக்குப் புறத்தே வளர்க்கும் கலையின் வரலாற்றில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் நிறுவனத்திற்குத் தனியிடமுண்டு. தவளைக் கருவின் நரம்பிழையம் கண்ணாடித் தட்டில் நார்விட்டு வளர்வதை றொஸ் ஹரிசன் 1907 இல் அங்கேயே காட்டினார். 1951 இல் அங்குள்ள மருத்துவமனையில் ஹென்றியற்றா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்கள் அவரது ஒப்புதலின்றி ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அவர் அவ்வாண்டே இறந்தார்; கலங்களோ உலகின் ஆய்வுகூடங்களெங்கும் பெருகின. குடும்பத்தினர் இதனை அறிய ஏறத்தாழ இருபதாண்டுகள் சென்றன.

2022 இல் மெல்பேண் ஆய்வாளர், மின்வாய்கள்மீது வளர்த்த ஏறத்தாழ 8,00,000 நரம்புக் கலங்களை ஓர் எளிய திரை விளையாட்டிற் பந்தை எதிர்கொள்ளப் பழக்கினர். மனித மூளைக்கு ஏறத்தாழ 20 உவாற்று வலுவே போதுமாதலால், வலுச்செலவு குறைந்த கணனிகள் இவ்வழி அமையுமென்ற நம்பிக்கை பிறந்தது. 2023 இல் இதற்கொரு விரிவான திட்டம் வகுப்பதில் முன்னின்றவர்களும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்களே.

லாக்ஸ் விடயத்தில் எழுந்த வினா கலத்தை ஈந்தவரின் உரிமை பற்றியது. மூளையிழையம் மற்றொரு வினாவையும் எழுப்புகின்றது: அவ்விழையமே உணருமாயின் அதன்பொருட்டு ஒப்புதலளிப்பவர் யார்? இன்றைய இழையத் திரள்கள் நோவை உணர்கின்றன என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் சான்று கிடைக்கும்வரை அறத்தை ஒத்திவைத்தல் பொருந்தாது. 1951 இற் பயன் முந்தியது, வினா பிந்தியது. அவ்வரிசை மீண்டும் நிகழலாகாது.