பெரியாற்று மீன் யாருடையது? ஓர் அணைக்காட்டின் வேட்டை, வலை, படகு

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரித்தானிய அரசின் இந்தியச் செயலருக்கும் இடையே ஏற்பட்ட பெரியாற்றுக் குத்தகை, தண்ணீரைப் பற்றிய ஆவணமாகவே இதுவரை பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. 999 ஆண்டுகள், ஏறத்தாழ 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் ஆகிய எண்கள் இரு மாநில அரசியலிலும் ஓயாது எடுத்தாளப்படுபவை. ஆயினும் அவ்வாவணம் சென்னை அரசுக்கு அளித்த உரிமைகளுள் ஒன்று ஆய்வாளரின் கவனத்தை அரிதாகவே பெற்றிருக்கிறது. அது மீன்பிடி உரிமை. அணை எழும்பாத, ஏரி உருவாகாத காலத்திலேயே வரவிருக்கும் நீரிலுள்ள மீன் இன்னாருக்கு உரியது என்று எழுதப்பட்டுவிட்டது. பெரியாற்றுச் சரணாலயத்தின் வரலாற்றை இந்தச் சிறு உரிமையிலிருந்து தொடங்கிப் படித்தால், வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறொரு வடிவம் கொள்கிறது.

பென்னிகுயிக்கின் மேற்பார்வையில் கட்டப்பட்ட அணை 1895இல் செயற்பாட்டுக்கு வந்தது. மேற்கு நோக்கி ஓடிய ஆற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் காட்டுப் பள்ளத்தாக்கு நீருக்குள் அமிழ்ந்தது. அன்று மூழ்கிய மரங்களின் அடிமரங்கள் இன்றும் நீர்ப்பரப்புக்கு மேல் நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றில் அமர்ந்து சிறகுலர்த்துகின்றன. 1899இல் ஏரியைச் சுற்றியுள்ள காடு ‘பெரியாற்று ஏரி ஒதுக்குக்காடு’ ஆக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஏரி முன்னிற்கிறது. காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே விலங்கிலிருந்து அன்று, நீரிலிருந்தே பிறந்தது.

விலங்கைக் காக்கும் எண்ணமோ வேட்டையின் வழியாக வந்தது. இதில் முரண் ஏதுமில்லை. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் இதற்கு முன்மாதிரி. வேட்டைக்குரிய விலங்குகளும் மீன்களும் அருகிவிடாதபடி, பிடிக்கும் காலத்தையும் பிடிக்கத்தக்கவரையும் அச்சட்டம் வரையறுக்க முற்பட்டது. மூணாற்றுப் பகுதியின் தோட்ட முதலாளிகளும் இரவிகுளத்தின் வரையாடுகளைத் தங்கள் துப்பாக்கிகளுக்காகவே காத்துவைத்தனர். காலனியப் பாதுகாப்பின் இலக்கணம் இதுதான்: பொழுதுபோக்காகக் கொல்பவர் காவலர், பசிக்காகக் கொல்பவர் திருடர். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் விடப்பட்ட டிரவுட் மீன் தூண்டிலுக்கு உரியதாயிற்று. அந்தத் தூண்டில் விளையாட்டுக் கருவி என மதிக்கப்பட்டது. பழங்குடியின் வலையோ கட்டுப்படுத்த வேண்டிய பொருளாயிற்று.

தேக்கடியில் இந்த இலக்கணம் ஓரளவு மாறியது. சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில், 1933இல் எஸ்.சி.எச். ராபின்சன் வனவிலங்குக் காப்பாளராக அமர்த்தப்பட்டார். 1934இல் நெல்லிக்காம்பெட்டி சரணாலயம் அமைந்தது. வேட்டையாடத் தகுந்த காட்டைத் துப்பாக்கிக்கு வெளியே நிறுத்தியது அக்காலச் சமஸ்தானங்களில் எளிய முடிவன்று. 1950இல் அது 777 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரியாற்று வனவிலங்குச் சரணாலயமாக விரிந்தது. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. ஏரிக்கரையில் மன்னர் தங்கிய இடப்பாளையம் மாளிகை இன்று அரசுச் சுற்றுலா விடுதி. வேட்டைக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்தார், காடு பிழைத்தது என்ற கதை இவ்விடத்தில் நிறைவுறுவது வழக்கம்.

அக்கதையில் இடம்பெறாதோர் மன்னான், பளியர் ஆகிய பழங்குடியினர். மதுரையிலிருந்து பாண்டியர் தொடர்போடு மலையேறியவர்கள் என்பது மன்னான்களின் மரபுவழி நம்பிக்கை. அவர்தம் பேச்சும் தமிழோடு நெருங்கியது. காட்டினுள் இடம் மாறி மாறிப் பயிரிட்டும், கிழங்கும் தேனும் எடுத்தும், ஆற்றில் மீன்பிடித்தும் வாழ்ந்த இவர்கள், பின்னர் காட்டின் விளிம்பில் குமுளியை ஒட்டிக் குடியமர்த்தப்பட்டனர். பயிர்நிலம் சுருங்கியது, வேட்டை குற்றமாயிற்று. எஞ்சியது ஏரி. மூங்கில் தெப்பமும் வலையுமாக அவர்கள் புதிய நீரைத் தமதாக்கிக் கொண்டனர். ஒப்பந்தத்தின்படி அந்நீரின் மீன் நெடுந்தொலைவிலிருந்த சென்னை அரசுக்கு உரியது. நடைமுறையில் வலை வீசியவர்களோ இவர்கள்.

1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் குத்தகையைத் திருத்தி உடன்பட்டன. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதியாயிற்று. மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்திடம் ஒப்படைத்தது. இரு அரசுகளுக்கிடையே கைமாறிய அவ்வுரிமை, வலை வைத்திருந்தவர்களிடம் வந்து சேரவில்லை. இரண்டாண்டுகளில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரணாலய நீரில் வலை வீசுவது வனத்துறையின் அனுமதியால் மட்டுமே இயலும் செயலாயிற்று. 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் பழங்குடி மீனவர்கள் குழுக்களாக ஒழுங்குபடுத்தப்பட்டனர். இலவங்கப் பட்டை திருடியவர்கள் காட்டுவழிகாட்டிகள் ஆனதும் அத்திட்டத்தின் பயனே. இதன் நன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் அனுமதி என்பது உரிமையன்று. தருபவர் திரும்பப் பெறவும் கூடும்.

இதே காலத்தில் ஏரியின் முதன்மைப் பயனாளராகப் பயணி வந்தமர்ந்தார். தேக்கடிப் படகுப் பயணம் தென்னிந்தியப் பள்ளிச் சுற்றுலாக்களின் தவிர்க்கவியலாத நிறுத்தமாயிற்று. பொழுதுபோக்கு விலங்குக்குத் தீங்கற்றது என்ற எண்ணமும் அதனுடன் வேரூன்றியது. 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டது, பொழுதுபோக்கும் நீர்த்தேக்கத்தின்மீது சுமத்தப்படும் ஒரு பாரமே என்பதை உணர்த்திற்று. படகுகளுக்குக் கட்டுப்பாடு கோரப்பட்டது. படகுப் பயணமே ஏன் என்று கேட்டவர் சிலரே. மூங்கில் தெப்பமோ நெடுங்காலமாக அக்கேள்வியை எதிர்கொண்டு வந்திருக்கிறது.

இவ்விடத்தில் மீனே ஒரு சான்றாக நிற்கிறது. பெரியாற்றின் மேல் ஓடைகளில் மட்டும் வாழும் லெபிடோபைகாப்சிஸ் டைபஸ் என்னும் மீனை 1941இல் சுந்தர ராஜ் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இமயமலை மீன்களின் தெற்கத்திய உறவாக அது முதலில் கருதப்பட்டது. ஓடும் நீருக்கு உரிய அத்தகைய மீன்களுக்குத் தேங்கிய ஏரி ஏற்ற வாழிடமன்று. அங்கே செழித்தவை வெளியிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையும் சாதாக் கெண்டையும். பழங்குடியினரின் வலையில் பெரும்பகுதியாக விழுபவையும் இவையே. வாழ்வாதார மீன்பிடிப்பு இயற்கைக்கு எதிரானது என்ற எளிய சமன்பாடு இங்கே உடைகிறது. அயல்மீனை அள்ளும் வலை அரிய மீனுக்குத் துணையாகவும் அமையலாம். அதே வலை ஓடைமுகங்களில், இனப்பெருக்கக் காலத்தில் விழுமாயின் தீங்காகவும் அமையலாம். வேறுபாடு இடத்திலும் காலத்திலும் உள்ளது. அதை அறிந்தவர்கள் அன்றாடம் அந்நீரில் இறங்குபவர்களே.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட பொருள்கள்மீதான பயன்பாட்டைச் சமூக உரிமையாகப் பிரிவு 3(1)(ஈ)இல் ஏற்றுக்கொள்கிறது. இந்திய நீர்த்தேக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் அணையின் உயரத்தையும் நீரின் பங்கீட்டையும் போலவே இப்பிரிவையும் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். பெரியாற்றில் 1886 முதல் மீனின் உரிமையாளர் காகிதத்தில் மாறி வந்துள்ளார். சென்னை மாகாணம், தமிழ்நாடு, கேரளம், வனத்துறை என்ற அவ்வரிசையில் மன்னான்களின் பெயர் உரிமையாளராக இடம்பெறவில்லை. துப்பாக்கி ஓய்ந்த நாளைச் சரணாலயத்தின் பிறந்தநாளாகக் கொள்ளும் வரலாறு, அந்நாளில் வலையைக் கையில் வைத்திருந்தவர் யார் என்ற வினாவையும் கேட்காதவரை முழுமையுறாது.