தோள்பட்டைக் காயமும் தொழிலாளர் இழப்பீடும்

வேலையின்போது தோள்பட்டையில் எலும்பு முறிந்தோ, மூட்டு விலகியோ, தசைநார் கிழிந்தோ உழைக்கும் திறன் குறைந்த தொழிலாளிக்கு, அவரை வேலைக்கு வைத்தவர் சட்டப்படி தரவேண்டிய தொகையே தோள்பட்டைக் காய இழப்பீடு. இந்தியாவில் இதற்கு நூறாண்டு காலம் அடிப்படையாக இருந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010 ஜனவரி 18 முதல் அது பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ற பெயரில் வழங்கியது. கை துண்டானால் எவ்வளவு, கட்டைவிரல் போனால் எவ்வளவு என்று இந்தச் சட்டத்தின் அட்டவணை கணக்காக எழுதி வைத்திருந்தது. ஆனால் துண்டாகாமல் உடம்போடு இருந்துகொண்டே பாதி உயரம் மட்டும் எழும்பும் கைக்கு அதில் தனி எண் ஏதும் இருந்ததில்லை. தோள்பட்டைக் காயத்தின் சட்ட வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சுற்றியே நடக்கிறது.

காயத்தின் தன்மை

உடம்பிலேயே அதிகமாக அசையும் மூட்டு தோள்பட்டை. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது பொருந்தும் குழியோ சிறியது, ஆழமில்லாதது. உருண்டையைக் குழியில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நார்களும்தான். மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் தோளுச்சி எலும்புக்கும் உருண்டைத் தலைக்கும் நடுவே உள்ள குறுகிய இடத்தில் ஒரு முக்கியமான தசைநார் ஓடுகிறது. கையைத் தோளுக்கு மேல் உயர்த்தும்போது அந்த நார் நசுங்கக்கூடும்.

லாரியின் பின்பக்கத்தில் நின்று 50 கிலோ அரிசி மூட்டையைத் தோளுக்கு வாங்கும் லோடுமேனைக் கவனித்தால் இது விளங்கும். மேலே நிற்பவர் மூட்டையைத் தள்ளிவிட, கீழே நிற்பவர் துண்டை மடித்துப் போட்ட தோளைக் கொடுக்கிறார். ஒரு கை தலைக்கு மேல் போய் மூட்டையின் காதைப் பிடிக்கிறது. எடை முழுவதும் இறங்கும் அந்த நொடியில் தோள் மூட்டு விரிந்து, திருகி, தாங்குகிறது. இதே அசைவு ஒரு நாளில் எத்தனையோ முறை திரும்ப நடக்கிறது. கூரைக்கு வெள்ளையடிக்கும் பெயின்டர், உட்கூரைக்குப் பூசும் கொத்தனார், தலைக்கு மேல் வயர் இழுக்கும் எலெக்ட்ரீசியன் ஆகியோருக்கும் இதே கதைதான். இவர்களுக்கு ஒருநாள் திடீரென நார் கிழியலாம். பல ஆண்டுகளில் சிறிது சிறிதாக நைந்தும் போகலாம். முதலாவதைச் சட்டம் விபத்து என்று எளிதில் ஏற்கிறது. இரண்டாவதில்தான் சண்டை. கிழிந்த நார் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். எடுத்தாலும் "வயதானால் வருவதுதான்" என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.

இங்கிலாந்தில் தொடக்கம்

1837-இல் இங்கிலாந்தில் ஓர் இறைச்சிக்கடைப் பையன், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். முதலாளி பொறுப்பாளி இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடன் வேலை செய்பவரின் தவறால் வந்த காயத்துக்கு முதலாளியைக் கேட்க முடியாது என்ற கொள்கை அந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் தொழிலாளர்களின் வழியை அடைத்தது. 1884-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், 1897-இல் ஜோசப் சேம்பர்லைன் முயற்சியால் பிரிட்டனில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அந்த வழியைத் திறந்தன. யார் தவறு என்ற கேள்வியே இனி தேவையில்லை. வேலையால், வேலையின்போது காயம் பட்டதா என்பது மட்டும் போதும் என்றாயிற்று.

தோள்பட்டைக்கு இதைவிட முக்கியமானது 1903-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பு. எந்திரத்தின் சக்கரம் திரும்ப மறுத்ததால் முழுப் பலத்தையும் கொடுத்துத் திருப்பிய தொழிலாளிக்குக் குடலிறக்கம் ஏற்பட்டது. வெளியிலிருந்து எதுவும் அவர்மேல் விழவில்லை, அவரும் வழுக்கி விழவில்லை. அதனால் இது விபத்தே இல்லை என்று கீழ் நீதிமன்றம் முடிவு செய்திருந்தது. எதிர்பாராத உடற்சேதம் என்றால் அது விபத்துதான், சொந்தப் பலத்தைச் செலவழித்ததால் வந்ததாக இருந்தாலும் சரி என்று சபை அதை மாற்றியது. 1910-இல் இன்னொரு படி முன்னேறியது: ஏற்கெனவே நோயுற்றிருந்த ஒருவரின் இரத்தக்குழாய், ஸ்பேனரால் நட்டு இறுக்கும் சாதாரண வேலையிலேயே வெடித்தபோது அதுவும் விபத்தாக ஏற்கப்பட்டது. மூட்டை தூக்கும்போது ஏற்கெனவே நைந்திருந்த நார் அறுந்தது என்று இன்று ஒருவர் வழக்காட முடிகிறதென்றால் அதற்கு வேர் இந்த இரண்டு தீர்ப்புகள்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம்

அதற்குமுன் இந்தியாவில் இருந்தது 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் மட்டுமே. அது இறந்தவரின் குடும்பத்துக்கானது. காயத்தோடு உயிர் பிழைத்தவருக்கு அதில் இடமில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ஆலைகளில் வேலைநிறுத்தங்கள் பெருகின. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்தச் சூழலில் 1923 மார்ச் 5-இல் நிறைவேறிய சட்டம் 1924 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது.

முதல் வடிவம் கஞ்சத்தனமானது. மாதம் 300 ரூபாய்க்கு மேல் வாங்குவோருக்கு இல்லை. பத்து நாள் வேலைக்குப் போக முடியாத காயம் என்றால்தான் கேட்கலாம். நிரந்தர முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ராயல் தொழிலாளர் ஆணையத்தின் 1931 அறிக்கையைத் தொடர்ந்து 1933-இல் பத்து நாள் ஏழாகவும், 1959-இல் ஏழு மூன்றாகவும் குறைந்தது. 1984-இல் வயதையும் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இன்றைய சூத்திரம் வந்தது. தற்காலிகக் கூலி ஆட்களில் ஒரு பகுதியினரை வெளியே தள்ளிவைத்த வாசகம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீங்கியது. இன்று இங்கே, நாளை அங்கே என்று வேலை செய்யும் சுமைதூக்குவோருக்கு இது சிறிய மாற்றம் இல்லை.

அட்டவணையில் தோள்

சட்டத்தின் முதல் அட்டவணையில் தோள் மூட்டோடு கை துண்டிக்கப்பட்டால் 90 சதவீத உழைப்புத் திறன் இழப்பு. தோளுச்சியிலிருந்து 20.32 சென்டிமீட்டருக்குக் குறைவாகக் கை மிஞ்சினால் 80. அதற்குக் கீழே, முழங்கைக்குச் சற்றுக் கீழ் வரை, 70. எட்டு அங்குலத்தை மெட்ரிக் அளவுக்கு மாற்றியதால் வந்த எண் அந்த 20.32. மிஞ்சிய கையை நாடா வைத்து அளக்கும் முறை இது. மிஞ்சிய கை என்ன செய்யும் என்று இது கேட்பதில்லை.

அட்டவணையில் இல்லாத காயங்களுக்குச் சட்டம் ஒரு பொதுவழி வைத்தது. உழைப்புத் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்த விகிதத்தில் இழப்பீடு தரலாம். அந்த விகிதத்தைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும். தோள்பட்டை முறிவும் விலகலும் கிழிவும் இறுக்கமும் எல்லாம் இந்த வழியில்தான் வந்தாக வேண்டும். இதனால் வழக்கின் முடிவு மருத்துவர் எழுதும் ஓர் எண்ணில் தொங்குகிறது.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றுக்காக மத்திய அரசு 2001-இல் வெளியிட்ட வழிகாட்டி, கையின் அசைவைத் தோள், முழங்கை, மணிக்கட்டு என்ற மூன்று மூட்டுகளுக்கும் சமமாக, ஒவ்வொன்றுக்கும் 30 என்று பங்கிட்டது. அதன்படி, தோளின் அசைவு எல்லாத் திசையிலும் பாதியாகக் குறைந்தால் அசைவு இழப்புக்குக் கிடைத்தது 15 சதவீதம். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது ஏறத்தாழச் சரியாகவே இருக்கலாம். தோளால் பிழைப்பவருக்கு? கை பாதி உயரம்தான் எழும்பும் என்றால் அவர் தோளுக்கு மூட்டை ஏறாது; அவருடைய தொழில் முழுதாகப் போய்விட்டது.

பணத்தில் இந்த வேறுபாடு எவ்வளவு? கணக்கில் கொள்ளத்தக்க மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். நாற்பது வயதுக்கு உரிய காரணி 184.17. சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 9,000 ரூபாயை இதனால் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இதுதான் முழு இழப்புக்கான தொகை. தோளோடு கை போனவருக்கு 14,91,777 ரூபாய். சான்றில் 15 சதவீதம் என்று எழுதப்பட்டு அதையே உழைப்புத் திறன் இழப்பாகவும் எடுத்துக்கொண்டால், அதே வயதுக்காரருக்குக் கிடைப்பது சுமார் 2,48,630 ரூபாய்.

தச்சர் வழக்கு

இந்த அநியாயத்துக்கு உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரிலேயே விடை சொல்லிவிட்டது. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968 ஜூலையில் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி இது 70 சதவீதம்தான் என்று முதலாளி வாதாடினார். ஒரு கையால் தச்சுவேலை செய்ய முடியாது, எனவே இழப்பு முழுமையானது என்று இழப்பீட்டு வழக்கை விசாரித்த ஆணையர் கண்டார். நான்கு நீதிபதிகள் அமர்வு ஆணையரின் முடிவை நியாயமானது என்று ஏற்றது. விபத்து நடந்தபோது செய்யத் தெரிந்திருந்த வேலைகளைச் செய்ய முடியாமல் போவதே முழு ஊனம் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. நீதிமன்றம் அதை அப்படியே படித்தது. இழப்பீடு தீர்ப்பு நாளிலிருந்து அல்ல, விபத்து நாளிலிருந்தே தரவேண்டிய கடன் என்பதும் அதே தீர்ப்பில் உறுதியானது.

தோள்பட்டைக் காயக்காரர்கள் பற்றிக்கொள்ளக்கூடிய வலுவான கொம்பு இந்தத் தீர்ப்பு. ஆனால் அது தானாக வேலை செய்வதில்லை. உடல் ஊனச் சதவீதமும் உழைப்புத் திறன் இழப்பும் ஒன்றல்ல, இரண்டாவதை ஆதாரத்தோடு தனியாக நிறுவ வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் வற்புறுத்தியது. என்ன வேலை, எத்தனை கிலோ, கை எவ்வளவு உயர வேண்டும், இப்போது எவ்வளவு உயர்கிறது என்ற நான்கும் சாட்சியத்தில் வராவிட்டால், சான்றிலுள்ள எண்ணே தீர்ப்பாகிவிடும்.

இஎஸ்ஐயும் நல வாரியமும்

1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இஎஸ்ஐ) 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் செயலுக்கு வந்தது. இதில் சேர்ந்தவர் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. மருத்துவ வாரியம் குறிக்கும் விகிதத்தில் மாதாமாதம் பணம் வரும். ஊன அட்டவணை இங்கும் அதேதான். மார்க்கெட்டுகளிலும் கிடங்குகளிலும் மூட்டை தூக்குவோரில் பெரும்பாலோர் ஒரே முதலாளியிடம் இல்லாததால் இதற்குள் வருவதில்லை. அவர்களுக்காக மகாராஷ்டிரத்தில் 1969-இல் மாதாடிச் சட்டமும், கேரளத்தில் 1978-இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும், தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு நல வாரியம் தருவது உதவித்தொகை. இழப்பீட்டுச் சட்டம் தரும் உரிமைக்கு அது ஈடாகாது. வாரிய உதவி வாங்கியவர் அதோடு நின்றுவிடக் கூடாது.

பிற நாடுகள்

நைந்துபோகும் தோளுக்குத் தெளிவான வழி வகுத்த நாடு பிரான்ஸ். அங்கே தொழில்நோய்களின் 57-ஆம் அட்டவணை 1972-இல் உருவானது. தோள்பட்டைப் பகுதி 2011-இல் திருத்தி எழுதப்பட்டது. கையை 60 பாகைக்கு மேல் விரித்து நாளுக்கு இரண்டு மணி நேரமோ, 90 பாகைக்கு மேல் ஒரு மணி நேரமோ வேலை செய்தவருக்குத் தசைநார் கிழிந்திருப்பதாகப் படத்தில் தெரிந்தால், அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். இந்தியச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் ஈயம், பாதரசம், சிலிகோசிஸ் எல்லாம் உண்டு; தோள் இல்லை.

அட்டவணையில் சேர்ப்பது மட்டுமே தீர்வாகிவிடாது என்பதற்கு அமெரிக்காவின் அயோவா மாநிலம் எச்சரிக்கை. அங்கே 2017 வரை தோள்பட்டைக் காயம் முழு உடம்பின் காயமாகக் கருதப்பட்டு, பிழைப்பு எவ்வளவு கெட்டது என்று பார்த்து இழப்பீடு தரப்பட்டது. அந்த ஆண்டு தோளை அட்டவணையில் போட்டு 400 வாரம் என்று உச்சம் கட்டினார்கள். அதன்பின் மருத்துவர் 10 சதவீதம் என்றால் 40 வாரப் பணம், பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவருக்கும் பொதுவாக அவ்வளவுதான். தசைநார்க் கிழிவும் தோள் என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று 2022-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அந்த உச்சவரம்பு இன்னும் பலரைப் பிடித்தது.

இன்றைய நிலை

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்து 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் சேரும். அட்டவணையிலோ தோள் இன்னும் வெட்டுண்ட கையை அளக்கத் தொடங்கும் இடமாக மட்டுமே இருக்கிறது. தலைக்கு மேல் கையுயர்த்தி, தோளில் சுமந்து செய்யும் வேலைகளில் வரும் தசைநார்க் கிழிவைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சதவீதம் எழுதினால் அதைக் குறைந்தபட்சமாக எழுத வேண்டும், உச்சமாக அல்ல. அதுவரை, தோளில் அடிபட்ட தொழிலாளியும் அவரோடு நிற்கும் சங்கத்தாரும் அன்றைக்கே முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சீட்டில் என்ன வேலை செய்தபோது அடிபட்டது என்பதை எழுதச் சொல்லுங்கள். சான்று தரும் மருத்துவரிடம், கை எத்தனை பாகை உயர்கிறது என்பதோடு, செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா முடியாதா என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.