விரல்நுனிச் சொட்டும் மூன்று மாதக் கணக்கும்

சர்க்கரைச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க நாள் குறித்துவிட்டால் போதும், நான்கு நாளுக்கு முன்பே அப்பா காபியில் சர்க்கரையை நிறுத்திவிடுவார். ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார். வெறும் வயிற்றில் 118 வரும். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சுகர் கன்ட்ரோல்ல இருக்கு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார். ஒருமுறை டாக்டர் ஹெச்பிஏ1சியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். 8.4 வந்தது. சராசரிச் சர்க்கரையாகக் கணக்கிட்டால் சுமார் 194. லேபில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அப்பா சண்டைக்கே கிளம்பினார்.

யாரும் மாற்றவில்லை. இரண்டும் அவருடைய ரத்தம்தான். 118 அன்றைய விடியற்காலையைச் சொன்னது, 8.4 அதற்கு முந்தைய மூன்று மாதங்களைச் சொன்னது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு சாகும்வரை விலகாது. ஒட்டியிருக்கும் அந்த அளவைத்தான் ஹெச்பிஏ1சி காட்டுகிறது; நான்கு நாள் பத்தியத்துக்கு அது மசியாது. அதனால்தான் இந்தச் சோதனைக்கு வெறும் வயிறும் தேவையில்லை. ஆனால் மூன்று மாதமும் இதில் சமபங்கு அல்ல. கடைசி ஒரு மாதத்துக்கே பாதிக் கனம்.

அப்படியானால் வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. அத்தை இன்சுலின் போடுகிறவர். அவருக்கு ஹெச்பிஏ1சி 6.8. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு ரவிக்கை நனைய வியர்த்து, கை நடுங்க எழுந்து உட்கார்ந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பகலில் 250, இரவில் 52 என்று ஊஞ்சலாடினாலும் சராசரி அழகாகத்தான் வரும். அந்த அழகை நம்பித் தூங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது.

மீட்டரும் பிசகும். ரத்தக்குழாயிலிருந்து எடுத்துப் பார்க்கும் அளவைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். ஹெச்பிஏ1சி ஏமாறுவது வேறு விதம். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அண்மையில் ரத்த இழப்போ ரத்தம் ஏற்றியதோ இருந்தால் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. ஆகவே பெண்களுக்கு ஹீமோகுளோபின் அளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதே நியாயம்.

மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவெடுக்க மூன்று மாதக் கணக்கு வேண்டும். தட்டில் என்ன போட்டுக்கொள்வது என்று நாம் முடிவெடுக்க விரல்நுனிச் சொட்டு வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்கும் பழக்கம் அப்பாவுக்கு அந்த 8.4க்குப் பிறகுதான் வந்தது. வெண்பொங்கல் தின்ற அன்று 246. இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் என்றால் 171. காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் தானே எழுதிவைத்தார். பொங்கல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று அவராகவே ஒதுக்கினார்.

போன மாதம் முன்னேற்பாட்டுப் பத்தியம் எதுவும் இல்லாமல் போய் ரத்தம் கொடுத்தார். வெறும் வயிற்றில் 124, பழைய 118ஐவிட அதிகம். ஹெச்பிஏ1சி 7.3.