மாத்தளை வீதியில் விடுபட்டவர்கள்

மாத்தளையின் பழைய ஓட்டு வீடுகளைப் படம்பிடிக்கும்போது, முன்னால் செல்லும் வீதியையும் சேர்த்தே எடுக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக இவ்வூரை அடைந்தனர். காட்டுவழியில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. அதுவோ கண்டிப் பக்கத்திலிருந்து வந்த பாதை. வடக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கால்நடையே கதி.

2019 இறுதியில் இலங்கையெங்கும் இளைஞர்கள் மதில்களில் ஓவியம் தீட்டினர். மன்னர்களும் போர்வீரர்களும் அவற்றில் இடம்பெற்றனர். நடந்துவந்த இம்மக்களை நான் பார்த்த எந்த மதிலிலும் காணவில்லை. அவர்களுக்குச் சாட்சியாக எஞ்சுபவை பழைய வீடுகளும் லயங்களுமே. அவையும் ஒவ்வொன்றாய் இடிகின்றன.

மாத்தளையில் பிறந்து இன்று எங்கெங்கோ வாழும் வாசகர்கள், தம்மிடமுள்ள பழைய வீட்டுப் படங்களின் பின்புறத்தில் ஆண்டையும் ஊரையும் இன்றே எழுதிவைக்க வேண்டும்.