இரவு நேரப் பால்புட்டியை நிறுத்துவது எப்படி?

புட்டிப் பாலைக் குடித்தபடியே உறங்கும் குழந்தைகளுக்குப் பற்சொத்தை எளிதில் ஏற்படுகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு குறைவதால், பாலிலுள்ள சர்க்கரை பற்களில் தங்குகிறது. அதைக் கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. மேல் முன்பற்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. அளவுக்கு மீறிய பால் பசியைக் குறைத்து, இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் வழிவகுக்கும்.

குழந்தைக்கு 18 மாதங்கள் நிறைவதற்குள் புட்டியைக் கைவிடுவது நல்லது. முதலில் பகல் நேரப் பாலை டம்ளருக்கு மாற்ற வேண்டும். பின்னர், புட்டியில் தரும் இரவுப் பாலின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். இறுதியில், உறங்கும் முன்பே டம்ளரில் பால் கொடுத்து, பல் துலக்கிவிட வேண்டும். அதன்பின் தாகத்துக்குத் தண்ணீர் மட்டுமே தரலாம். கதையும் தாலாட்டும் புட்டியின் இடத்தை நிரப்பும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுவது அவசியம்.

இந்தியாவில் பால்புட்டி விளம்பரங்களுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.